மூன்று ஃப்ரிட்ஜ் இருந்த வீடு

எங்கள் சந்தில் யாருக்காவது அவசரமாக ஏதாவது வேண்டுமென்றால் கடைசி வீட்டுக்குத்தான் போவார்கள். அங்கே எல்லாம் இருக்கும் என்பதால் அல்ல. அங்கே அநேகமாக எதுவுமே இருக்காது. ஆனால் அந்த வீட்டு அம்மாவின் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது.

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வீட்டு மாடிப்படி அந்த வீட்டு வாசலை இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டுக் குக்கர் விசிலை எதிர்வீட்டுக்காரி எண்ணி, போதும் அணை என்று குரல் கொடுப்பாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தர் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த அம்மா வீட்டில் ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, நாலைந்து பாத்திரம். புருஷன் போய்ப் பல வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. கார்மெண்ட்ஸில் ட்ரிம்மிங் வேலை, அதாவது தைத்து வருகிற சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. நம்மோடு பேசிக்கொண்டே நம் சட்டைப் பித்தானில் தொங்கும் நூலைப் பிடித்துப் பார்க்கும்.

ஒரு முறை கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் பேனாவைத் தொலைத்துவிட்டு, பேனா இருக்கிறதா என்று அந்த அம்மாவைக் கேட்டார். அந்த அம்மாவும் என்னைப் போலத்தான், பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அந்த வீட்டில் பேனாவுக்கு என்ன வேலை? “இருக்கு சார், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போய், ட்யூஷன் நடக்கிற வீட்டில் ஒரு பேனா வாங்கி, முன்பக்கமாக வந்து கொடுத்தது. அவர் எழுதி முடித்ததும் அந்தப் பேனாவை முந்தானையால் துடைத்து வாங்கிக்கொண்டது, தன் சொத்தைப் போல.

என் பேத்திக்கு வயிற்று வலி என்று என் வீட்டுக்காரி ஓமம் கேட்டுப் போனாள். இருக்கு, ஒரு நிமிஷம் என்றதாம். நிமிஷம் போய் அரைமணி ஆயிற்று. நல்ல மழை. கடைசியில் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, கையில் ஓமப் பொட்டலம். அதற்குள் குழந்தை தூங்கிப்போயிருந்தது. வீட்டில் இல்லையென்று சொல்லியிருந்தால் நானே போய் வாங்கியிருப்பேனே என்று இவள் திட்டினாள். அந்த அம்மா சொன்னது இதுதான்: “கேட்டு வந்தவங்கள எப்படி அண்ணி வெறுங்கையா அனுப்பறது?”

நான் அப்போது யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வெங்காய மூட்டை. அந்த வாசனை உடம்பை விட்டுப் போகாது. இப்போதும் மழை நாளில் தோளிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். அதை விடுங்கள். மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது அந்த அம்மா வேலை முடிந்து வருவதைப் பார்ப்பேன். மெயின் ரோட்டில் ஒரு வளையல் கடை இருக்கிறது. தினமும் அந்தக் கடை முன்னால் நிற்கும். தொங்குகிற வளையல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும். கொஞ்சம் தள்ளி ஒரு காய்கறி வண்டி. அங்கேயும் நின்று கத்தரிக்காயைப் புரட்டும், வாங்காது. புருஷன் போனவளுக்கு இன்னும் வளையல் ஆசை போகவில்லை பார் என்று சந்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வளையல் கடைக்காரர் மட்டும், என்றைக்காவது வாங்குவாங்க என்று நம்பிக்கையோடு இருந்தார்.

வளையலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மூச்சு. அந்த அம்மாவால் நாலு கடை தூரம் சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. மூச்சு வாங்குவதை யாரும் பார்க்கக்கூடாது என்று நின்று நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி வந்திருக்கிறது. உடம்பு எப்படிம்மா இருக்கு என்று கேட்டால், அதற்கும் ‘நல்லா இருக்கு’தான். ஒருநாள் சந்து முனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எதிர்வீட்டு செல்விதான் தன் புருஷனின் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும், நாளைக் கடத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழைகளுக்கான ரேஷன் கார்டு இருந்தால் ஆபரேஷன் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். அந்த அம்மாவிடம் கார்டு இருந்தது. ஆகவே யாரும் பெரிதாகப் பயப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சந்தில் ஒரு புரளி கிளம்பியது. கார்டு ஆபீசிலிருந்து வீடு வீடாகப் பார்க்க வருகிறார்கள், ஃப்ரிட்ஜ், வண்டி இருந்தால் கார்டை எடுத்துவிடுவார்கள் என்று. இந்தப் புரளி வராத வருஷம் கிடையாது. வந்தால் சந்து முழுக்க ஒரே ஓட்டம். டிவி கட்டிலுக்கு அடியில் போகும், மிக்சி அரிசி டின்னுக்குள் போகும். பைக்கைக் கொண்டுபோய் மச்சான் வீட்டில் நிறுத்திவிட்டு வருவார்கள். எல்லாம் தவணையில் வாங்கியதுதான், ஆனால் தவணை என்று ஃப்ரிட்ஜ் மேல் எழுதியிருக்கிறதா என்ன?

அந்த வருஷம் செல்விக்கு ஒரு யோசனை வந்தது. கடைசி வீட்டு அக்கா வீடு காலியாகத்தானே கிடக்கிறது? ஒண்டியாள், விதவை, சீக்காளி. அந்த வீட்டை எவன் வந்து பார்க்கப் போகிறான்? போய்க் கேட்டாள். இடம் இருக்கா அக்கா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

செல்வியின் பச்சை ஃப்ரிட்ஜை நான்தான் முதுகில் சுமந்துகொண்டு போனேன். அது போனதைப் பார்த்து இன்னொரு வீட்டு ஃப்ரிட்ஜ், அப்புறம் மாடி வீட்டு ஃப்ரிட்ஜ். எங்கள் வீட்டு டிவி. யாரோ ஒரு வாஷிங் மெஷின். வாசலில் இரண்டு பைக். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டி, மேலே துணி விரித்து, கல்யாண வீட்டில் சீர்வரிசை வாங்கி வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டது. முகத்தில் ஒரு பெருமை. வீடு நிறைந்துவிட்டதாம்.

நாங்கள் எல்லோரும் ஒரே கணக்குப் போட்டோம். வருகிற ஆபீசர் மெயின் ரோட்டுப் பக்கத்திலிருந்து சந்துக்குள் வருவார், நாலு வீடு பார்ப்பார், வெயிலில் சலித்துப் போய்விடுவார் என்று. அவரோ ஜீப்பைப் பின்பக்கத் தெருவில் நிறுத்திவிட்டுக் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கன்னடக்காரர், எங்கள் தமிழும் தெரிந்தவர். “ஏனம்மா இது, மனேயா அங்கடியா?” என்றார். வீடா கடையா என்று. அந்த அம்மா சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லி, தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது. கேட்டதோடு விட்டிருக்கலாம். எந்த ஃப்ரிட்ஜில் இருந்து எடுக்கட்டும் சார் என்றும் கேட்டிருக்கிறது.

இதெல்லாம் உங்களுடையதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கும். ஆனால் அந்தச் சொல்தான் வராதே. அதுவும் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால், யாருடையது என்பது அடுத்த கேள்வி. “இங்கதான் சார் இருக்குது” என்று மட்டும் சொன்னதாம். வீட்டில் சாமான் வாங்கி விற்கிற வியாபாரம் நடக்கிறது என்று அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மற்ற வீடுகளைப் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு போனோம், தப்பித்தோம் என்று.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, கார்டு ரத்து. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்தக் கார்டு செல்லாதும்மா, பணம் கட்டினால் செய்யலாம் என்றாள். அவள் சொன்ன தொகைக்கு எங்கள் சந்து முழுவதையும் விற்றாலும் காணாது. திரும்பி வரும்போது ஆட்டோவில் செல்வி அழுதுகொண்டு வந்தாள். அந்த அம்மா அவள் தோளில் இருந்த நூலைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

கார்டு ஆபீசுக்கு நடந்தோம். மனு கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம், சாமான் யாருடையது என்பதை மட்டும் எழுதாமல். விசாரிப்போம் என்றார்கள். அந்த அம்மா வளையல் கடைக்குக்கூட வருவது நின்றுபோயிற்று. வாசல்படியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். யாராவது எட்டிப் பார்த்தால் சத்தம் நின்றுவிடும். சிரிக்கும்.

அப்படி இருக்கும்போது ஒரு கூட்டம் போட்டார்கள், ஸ்கூல் ஹாலில். டெல்லியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார்கள். நாடு முழுக்க ஏழைபாழைகளுக்கு ஒரு பாதுகாப்புக் கொள்கை எழுதப் போகிறார்களாம். எழுதுவதற்கு முன்னால் ஜனங்களைக் கேட்டுப் போக ஊர் ஊராக வருகிறார்களாம். மேடம் ஹிந்தியில் பேச, ஒரு தம்பி கன்னடத்தில் சொன்னான். ஒரு வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்தால் அந்த வீடே கீழே போய்விடுகிறது, அப்படிப் போகாமல் பிடித்துக்கொள்ள என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. நல்ல பேச்சுதான். டீயும் பன்னும் கொடுத்தார்கள். மேடையில் ஓரமாக நம் கார்டு ஆபீசரும் உட்கார்ந்திருந்தார்.

மேடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு வீட்டைப் பார்த்து, இவர்களுக்குத்தான் உதவி தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்களே சொல்லுங்கள் என்று.

ஹாலில் எல்லோரும் கையிலிருந்த பன்னைப் பிய்க்க ஆரம்பித்தார்கள். ஆபீசர் மேடையில் இருக்கும்போது யார் வாய் திறப்பார்கள்? எல்லோர் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோர் வீட்டிலும் கார்டும் இருக்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது செல்வி எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடத்தைப் பார்க்கவில்லை, ஆபீசரைப் பார்த்துச் சொன்னாள்.

“சார், அந்த வீட்ல நீங்க பாத்த பச்ச ஃப்ரிட்ஜ் என்னுது.”

அவர் புரியாமல் பார்த்தார். பக்கத்தில் ஏதோ அசைகிறது என்று திரும்பினேன். என் வீட்டுக்காரி எழுந்து நிற்கிறாள். “டிவி எங்களுது” என்றாள். கார்டு போனால் இனி அரிசியையும் கடை விலைக்கு வாங்க வேண்டுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அதற்குள் மாடி வீட்டுக்காரர் எழுந்துவிட்டார், அவருக்குப் பின்னால் வாஷிங் மெஷின், அப்புறம் பைக் வைத்திருந்த பையன்கள். நானும் எழுந்து, தூக்கிக்கொண்டு போனது நான்தான் சார் என்றேன். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மாதிரி இருந்தது.

அந்தத் தம்பி இதையெல்லாம் மேடத்துக்குச் சொல்லச் சொல்ல அவர்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்கள். எதற்கு ஒளித்தீர்கள் என்று கேட்டார்கள். பயம்தான் மேடம் என்றாள் செல்வி. வேறு என்ன சொல்ல முடியும்?

ஆபீசர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். “ஒரு ஃப்ரிட்ஜுக்கு யாருய்யா கார்டு எடுக்கறாங்க?” என்றார், அலுத்துப்போன குரலில். “மூணு ஃப்ரிட்ஜ் ஒரே ரூம்ல வெச்சா நான் இன்னான்னு எழுதறது?”

இத்தனை வருஷம் நான் முதுகு ஒடியத் தூக்கியதெல்லாம் வீண் என்று அப்போதுதான் தெரிந்தது. ஹாலில் முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் நிற்கவே இல்லை. மறுநாள் காலையில் தானே நேரில் வந்து மறுபடி பார்ப்பதாக அவர் சொன்னார். மேடமும் கூட வருவதாகச் சொன்னார்கள்.

இங்கேதான் பெரிய ஆபத்து. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. விடிந்ததும் நாற்காலி தேடிக் கிளம்பிவிடும், பீங்கான் கப் தேடும், கம்பளம் தேடும். ஆகவே சந்து முழுக்கப் பேசி வைத்துக்கொண்டோம், இன்றைக்கு மட்டும் அதற்கு ஒரு துரும்பு கொடுக்கக்கூடாது என்று.

எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு. “அண்ணா, ஒரு சேர் குடுங்க.”

“இல்லம்மா” என்றேன்.

“நீங்க உக்காந்துனு இருக்கறது இன்னா?”

“இது உடைஞ்சது.”

என்னை ஒரு பார்வை பார்த்தது. செல்வி வீட்டில் பால் கேட்டது. திரிந்துவிட்டதாம். மாடி வீட்டில் சர்க்கரை கேட்டது. எறும்பு வந்துவிட்டதாம். இவ்வளவு நாள் கேட்டவர்களுக்கெல்லாம் ஓடி ஓடிக் கொடுத்த அம்மா, ஒவ்வொரு வாசலிலும் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது. என் வீட்டுக்காரி உள்ளே போய் நின்றுகொண்டாள், பார்க்க முடியாமல்.

அவர்கள் வந்தார்கள். அந்த அம்மா பாயைத் தட்டிப் போட்டது. பேண்ட் இறுக்கத்தில் ஆபீசர் சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தார். மேடமும் உட்கார்ந்தார்கள், மொழி சொல்லும் தம்பியும். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே. உங்களுக்கு அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று மேடம் கேட்டதைத் தம்பி சொன்னான்.

“ஒண்ணும் வேணாம்பா. எல்லாம் இருக்குது.”

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா எழுந்து போய் டீ போட்டு எடுத்து வந்தது, மூன்று டம்ளர். பால் கிடையாது. தூள் மட்டும் கொதித்த கறுப்புத் தண்ணீர். மேடம் குடித்துவிட்டார்கள். ஆபீசர் ஒரு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்தார். அவர் வேண்டுமென்றே கேட்கவில்லை, கசப்பில்தான் கேட்டார்.

“ஸ்வல்ப சக்கரே கொடி அம்மா.”

கொஞ்சம் சர்க்கரை. அவர் கேட்டது அவ்வளவுதான். “இருக்கு” என்பதற்கு அந்த அம்மாவின் வாய் திறந்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் என்று சொல்வதற்குக் காலும் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஜன்னலில் எங்களைப் பார்த்தது. நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

“சக்கரை இல்ல சார்” என்றது.

யாரோ வேறு ஆள் பேசின மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது: “பாலும் இல்ல. மாத்திரை தீந்துபோச்சு. கார்டு இல்லன்னு ஆஸ்பத்திரில திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு மூச்சு விட முடியல சார்.”

ஆபீசர் அந்தக் கசப்பு டீயை மடமடவென்று குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். வெளியே வந்து எங்களைப் பார்த்து, கார்டு வந்துவிடும், நாள் குறிக்கச் சொல்லுங்கள் என்றார். என் முதுகிலிருந்து ஏதோ மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. எத்தனையோ மூட்டை இறக்கியிருக்கிறேன், அப்படி இறங்கியதில்லை.

கார்டு வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. எங்கள் வீட்டுக் கார்டும் போகவில்லை, செல்வியின் கார்டும் போகவில்லை. அந்த மேடம் கொள்கையை எழுதி முடித்தார்களா, அது எந்த மேஜையில் இருக்கிறது, எனக்குத் தெரியாது. எழுதினால், வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வாய் திறந்து கேட்காத ஆள் யார் என்று பக்கத்து வீட்டிலும் கேட்கச் சொல்லி எழுதியிருந்தால் நல்லது. போன மாதம்கூட யாரோ பிள்ளைகள் அதே மாதிரி கேள்விகளோடு வந்தார்கள். நான் இந்தக் கதையைத்தான் சொன்னேன். பாதியில் அவர்களுக்கு பஸ் வந்துவிட்டது.

அந்த அம்மா இப்போது இங்கே இல்லை. பொம்மசந்திராவில் இருக்கும் தங்கை மகள் வீட்டோடு போய்விட்டது. ஆனால் போவதற்கு முன்னால், ஆபரேஷன் புண் ஆறி எழுந்ததும், முதலில் செய்த காரியம் ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்க் நிறைய டீ போட்டுக்கொண்டு கார்டு ஆபீசுக்குக் கிளம்பியது. என்னைத் துணைக்குக் கூப்பிட்டது. மெயின் ரோட்டில் வளையல் கடையைத் தாண்டும்போது கடைக்காரர், புது டிசைன் வந்திருக்கும்மா என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது. இவங்க இப்பல்லாம் நிக்கறதே இல்லை என்று அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அந்தக் குறையைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஆபீசர் எங்களைப் பார்த்ததும், இன்னும் என்ன பிரச்சினையோ என்று நிமிர்ந்தார். அந்த அம்மா மேஜையில் டம்ளரை வைத்து டீயை ஊற்றியது. “அன்னைக்கு உங்களுக்குப் பால் இல்லாத டீ குடுத்துட்டேன் சார். மனசே கேக்கல.” அவர் சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடித்தார். பால் திக்காக இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் ஒரு ஸ்பூன் சக்கரை இருக்கிறதா அம்மா என்று கேட்டார்.

“இருக்கு சார், ஒரு நிமிஷம்.”

சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்கு ஓடியது. ஜன்னல் வழியாக நானும் ஆபீசரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதத்தில் சர்க்கரை மடித்து வாங்கிக்கொண்டு, அதே ஓட்டமாகப் படியேறி வந்து நின்றது. மூச்சு வாங்கவில்லை.